பழக்க நீக்கப் பிரிவு

அமராவதிபுதூர் ஞானசேகர் வாத்தியார் வீட்டில் மூன்று தலைமுறையாக ஆண்கள் யாரும் வெற்றிலைகூடப் போட்டதில்லை. இதை அவர் வெளியே சொல்லிக்கொண்டு திரிகிறவர் அல்லர். ஊர் அறிந்த விஷயத்தைச் சொல்லிக்காட்டுவது கௌரவமான குடும்பத்துக்கு அழகில்லை என்று நினைப்பவர். பள்ளத்தூரில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வுபெற்று, 1998 கடைசியில் ஒரு கார் வாங்கினார். உள்ளே கம்ப்யூட்டர் வைத்த கார். இருபத்தைந்து ஆண்டுகள் ஸ்கூட்டர் ஓட்டிய மனிதர் அந்த வயதில் கார் ஓட்டப் பழகியதற்கு ஒரே ஒரு காரணம்தான். மகள் பெல்சியின் கல்யாணத்தன்று, மணக்கோலத்தில் அவளைப் பின்னால் உட்காரவைத்து, தகப்பன் கையால் ஓட்டிக்கொண்டுபோய்க் கோயில் வாசலில் இறக்கவேண்டும். வேறொருவன் ஓட்டி அவள் போகக் கூடாது.

வேறொருவன் என்று அவர் பொதுவாக யாரையும் நினைக்கவில்லை. ஆன்றோவைத்தான் நினைத்தார்.

ஆன்றோ அவருடைய சித்தப்பா மகன். பதினோரு வருடம் மஸ்கட்டில் வண்டி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவன். கெட்டவன் என்று சொல்லிவிட்டால் வாத்தியாருக்கு வேலை சுலபமாகியிருக்கும். அப்படியும் சொல்ல வழியில்லாமல் இருந்தான். அடுத்த ஏப்ரலில் வாத்தியாருக்குக் கண்ணில் புரை எடுத்தபோது, இருபத்திரண்டு நாள் காரை அவன்தான் ஓட்டினான். மாப்பிள்ளை வீடு பார்க்க, உறவுக்குச் சொல்ல, கண் டாக்டரிடம் போக எல்லாம் அவன்தான். கட்டைப் பிரித்துக்கொண்டு வாத்தியார் மறுபடி ஸ்டீயரிங் பிடித்த அன்று வண்டி நாலு தடவை குலுக்கி, தேவகோட்டை ரோட்டில் நின்றே போனது.

"ஆன்றோ தம்பி கியர் போட்டா போட்டதே தெரியாது. நீங்க போட்டா அடுத்த தெருவுக்குத் தெரியுது," என்றாள் மனைவி ஞானபூரணி. அவள் வேறு எந்த அர்த்தத்திலும் சொல்லவில்லை. ஆனால் வாத்தியார் எல்லா அர்த்தங்களிலும் எடுத்துக்கொண்டார்.

பெல்சி சொன்னதுதான் இன்னும் ஆழமாக இறங்கியது.

"அப்பா, கல்யாணத்தன்னைக்கு சித்தப்பா ஓட்டட்டுமே. நீங்க முன் சீட்டுல கௌரவமா உக்காந்து வாங்க."

கௌரவமாக! தன் காரில், தன் மகள் கல்யாணத்தில், ஆன்றோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருவது! அன்றிலிருந்து வாத்தியார் அந்த வண்டியைக் கவனிக்கத் தொடங்கினார். ஆன்றோ வந்து பானட்டில் கையை வைத்தால் எஞ்சின் சத்தம் தணிவதாகத் தோன்றியது. அவன் போனதும் மறுபடி முனகியது. இது தன் பிரமையாக இருக்கலாம் என்று ஒருநாள் நினைத்துப் பார்த்தார். இல்லை, வண்டி அப்படித்தான் செய்தது.

ஜூலையில் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. இந்த மாதிரிக் கார்களுக்குப் புது ப்ரோகிராம் ஏற்றவேண்டும், மதுரையில் உள்ள அங்கீகாரம் பெற்ற சேவை நிலையத்துக்கு வண்டியைக் கொண்டுவரவும் என்று எழுதியிருந்தது. அந்த நிலையத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அதற்கும் ஒரு படிவம் கேட்பார்கள்.

நிலையத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்ததும் பாண்டீஸ்வரி என்ற பெண் எழுந்து கைகூப்பி, "வணக்கம், இன்றைய நாள் தங்களுக்கு இனிய நாளாக அமைய எங்கள் நிலையம் கடமைப்பட்டிருக்கிறது," என்று ஒரே மூச்சில் சொன்னாள். வாத்தியாரும் பதிலுக்குக் கைகூப்பினார். குடையை வண்டியிலேயே வைத்துவிட்டது நினைவுக்கு வந்து, வெளியே போய் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். பாண்டீஸ்வரி மறுபடி எழுந்து, கைகூப்பி, கடமைப்பட்டாள்.

"இப்பத்தானம்மா சொன்ன?"

"கதவு திறந்தாச் சொல்லணும் சார். நேத்து காத்துக்குக் கதவு ஆடிக்கிட்டே இருந்துச்சு. தொண்டை கட்டிப்போச்சு," என்று சொல்லிவிட்டு டோக்கன் கொடுத்தாள்.

தலைமைச் சேவை ஆலோசகரின் பெயர் செம்மலை. கிரீஸ் படக்கூடாது என்று டையின் நுனியைச் சட்டைப் பைக்குள் செருகியிருந்தார். அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் கிரீஸ் இருந்த இடத்துக்கும் நடுவே இரண்டு அறைகள் இருந்தன. மூன்று மணி நேரத்தில் ப்ரோகிராம் ஏற்றித் தந்தார்கள். வாத்தியார் வண்டியை எடுத்தார். வாசல் தாண்டுவதற்குள் முன்பைவிட மோசமாகக் குலுக்கி நின்றது.

அவர் உள்ளே திரும்பி வந்தார். பாண்டீஸ்வரி கடமைப்பட்டாள்.

"சார், ப்ரோகிராம் வேற, பழக்கம் வேற," என்று செம்மலை விளக்கினார். "ப்ரோகிராம்ங்கிறது கம்பெனி சொல்லிக்குடுத்து அனுப்புறது. பழக்கம்ங்கிறது ஓட்டுறவர்கிட்ட இருந்து வண்டி அதுவாக் கத்துக்கிறது. நாங்க இப்ப புது மூளை வச்சிட்டோம். பழக்கம் மட்டும் பழசு. எங்க நிலையத்தையே எடுத்துக்கங்க. ஒரே வருசத்துல மூணு மேனேஜர் மாறிட்டாங்க. நாங்க மாறினோமா?"

வாத்தியாருக்குக் காதுக்குள் ஏதோ திறந்தது போல இருந்தது.

"அப்ப வேற ஒருத்தர் ஓட்டியிருந்தா, வண்டி அவர்கிட்டப் பழகியிருக்கும்?"

"பழகியிருக்கும் சார்."

"இப்ப நான் உக்காந்தா?"

"அவரைத்தான் சார் எதிர்பார்க்கும்."

இத்தனை நாள் சந்தேகமாக இருந்தது இப்போது அங்கீகாரம் பெற்ற நிலையத்தின் வாயாலேயே உறுதியாகிவிட்டது. வாத்தியார் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். "அந்தப் பழக்கத்தை அழிச்சு விடுங்க. அடியோட அழிச்சு விடுங்க."

"அது வேற பிரிவு சார்."

"எங்க இருக்கு?"

"அடுத்த மேசை."

அடுத்த மேசையில் 'பழக்க நீக்கப் பிரிவு' என்று பலகை இருந்தது. ஆள் இல்லை. வாத்தியார் புது டோக்கன் வாங்கிக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தார். செம்மலை எழுந்து, சட்டையில் குத்தியிருந்த அட்டையைக் கழற்றி வேறொன்று குத்திக்கொண்டு, இந்த மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

"வணக்கம் சார். என்ன பிரச்சினை? முதல்ல இருந்து சொல்லுங்க."

"உங்ககிட்டத்தானே சார் இப்பச் சொன்னேன்?"

"அது ஏத்துற பிரிவு. ஏத்துன ஆளே இறக்குனா ஆடிட்டுல கேள்வி வரும்."

வாத்தியார் முதலிலிருந்து சொன்னார். செம்மலை ஆச்சரியப்படவேண்டிய இடங்களில் ஆச்சரியப்பட்டார். கடைசியில் இழுப்பறையைத் திறந்து நாலு பக்கப் படிவம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

வடக்கே இருந்த தலைமை அலுவலகம் அந்தப் படிவத்தை ஆங்கிலத்தில் அனுப்பியிருந்தது. இங்கே அதைத் தமிழாக்கியவர் சார்பதிவாளர் அலுவலக வாசலில் நாற்பது ஆண்டு பத்திரம் எழுதி ஓய்வுபெற்றவர். அதனால் அது முழுக்க விடுதலைப் பத்திரத்தின் நடையில் இருந்தது. பழக்கம் யாருடையது? எத்தனை நாளாக? குடும்பத்தாருக்குத் தெரியுமா? கீழே பழக்கத்திற்குக் காரணமானவர் கையெழுத்திட வேண்டிய வாசகம்: 'மேற்படி வாகனத்தின் நினைவில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ இனி எக்காலத்தும் எவ்விதப் பாத்தியமும் கிடையாது என்று மனப்பூர்வமாகச் சம்மதித்து எழுதிக்கொடுக்கிறேன்.'

'பழக்கம் யாருடையது' என்ற இடத்தில் வாத்தியார் சற்றும் யோசிக்காமல் 'ஆன்றோ' என்று எழுதினார். முப்பத்திரண்டு ஆண்டுகளில் கரும்பலகையில்கூட அவர் அவ்வளவு அழுத்தி எழுதியதில்லை.

எங்கள் பக்கத்தில் பங்காளி வீட்டுப் படியேறி விடுதலைப் பத்திரத்துக்குக் கையெழுத்துக் கேட்பது சாதாரண விஷயம் அல்ல. அதற்கு முன் இரண்டு தலைமுறை பேசாமல் இருந்திருக்கவேண்டும். வாத்தியார் வெள்ளை வேட்டி கட்டி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு போனார்.

ஆன்றோ படிவத்தை உரக்கப் படித்தான். படிக்கப் படிக்க அவன் மீசை துடித்தது.

"அண்ணே, வாய்க்கா ஓரம் நிக்கிற நாலு பனைக்குக்கூட நம்ம அப்பாமாரு ஒருத்தருக்கொருத்தர் கையெழுத்துப் போடல. நீங்க வண்டி நெனப்புக்குக் கேட்டு வந்திருக்கீக."

"போடுவியா மாட்டியா?"

"என் வாரிசையும்ல சேத்திருக்கான். எனக்குப் பிள்ளையே இல்லையேண்ணே. பரவாயில்லையா?"

"அது படிவம். அவுக கேக்குறாக."

"நீங்க கேட்டா நான் எதுக்குண்ணே மாட்டேங்கப் போறேன்?" என்று தன் பேனாவையே எடுத்து, நாலு பக்கத்திலும் போட்டுவிட்டான். "உக்காருங்க, காப்பி போடச் சொல்றேன்."

வாத்தியார் உட்காரவில்லை. மறுத்திருந்தால் சண்டை போடலாம் என்று வழியெல்லாம் வசனம் தயார் செய்துகொண்டு போயிருந்தார். கேட்டவுடன் கொடுத்துவிடுகிற மனிதனை என்ன செய்வது? கையெழுத்தைப் பார்த்தார். அதுவும் அழகாகத்தான் இருந்தது.

படிவத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினார். பதில் திறந்த கார்டில் வந்தது.

எங்கள் கத்தோலிக்கக் கோயில்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் தெரிவிக்கவேண்டும் என்று. பெல்சிக்கு முதல் ஓலை வாசித்து ஆறாம் நாள், சனிக்கிழமை, அந்தக் கார்டு வந்தது. அச்சடித்த வாசகம் இதுதான்:

'அன்புடையீர், தங்கள் பழக்க நீக்க விண்ணப்பம் ஏற்கப்பட்டது. 12.8.99 வியாழன் காலை பத்து மணிக்குப் பழக்கம் நீக்கப்படும். பழக்கத்திற்குக் காரணமானவரையும் தவறாது அழைத்து வரவும். முந்தைய நாளே முழுதாக நிரப்பிக்கொண்டு வரவேண்டாம். கால் அளவு போதுமானது. வழியில் நின்றுவிட்டால் வெட்கப்படாமல் தகவல் தரவும். ஆள் அனுப்பி இழுத்து வரப்படும். நீக்கிய பின் சில நாட்களுக்கு நடுக்கம் இருக்கும். அது இயல்பே.'

வண்டி என்ற சொல்லோ பெட்ரோல் என்ற சொல்லோ எங்கும் இல்லை. வாகன எண் எழுதியிருந்த இடத்தில் தபால் முத்திரை விழுந்திருந்தது.

தபால்காரர் நாச்சியப்பன் பத்து வருடமாக வாசலில் நின்று குரல் கொடுத்துவிட்டுப் போகிறவர். அன்று சைக்கிளை நிறுத்தி, உள்ளே வந்து, கார்டை வாத்தியார் கையிலேயே கொடுத்தார்.

"மனசைத் தளர விடாதீக வாத்தியாரே. எங்க மாமன் இருவது வருசமா விட முடியாம கெடந்தாரு. இப்ப மோர் மட்டுந்தான்."

மறுநாள் இரண்டாம் ஓலை வாசித்து, பூசை முடிந்ததும், பங்குச்சாமியார் வாத்தியாரைப் பின்னறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"தடை இருந்தாச் சொல்லுங்கன்னு நான்தான் மேடையில கேட்டேன். கேட்டதுக்கு அஞ்சு பேரு வந்து சொல்லிட்டாங்க. எத்தனை நாளா வாத்தியாரே?"

"சாமி, அது எனக்கு இல்ல. காருக்கு."

சாமியார் வாத்தியாரின் தோளில் கை வைத்தார். "வேற யாரு மேலயாவது பழியைப் போடுறது வழக்கந்தான். பொண்டாட்டி மேல போடுவாங்க, கூட்டாளி மேல போடுவாங்க. கார் மேல போட்டு இப்பத்தான் கேக்குறேன்."

செவ்வாய்க்கிழமை கீழச்சிவல்பட்டியிலிருந்து மாப்பிள்ளையின் தகப்பனார், இரண்டு பெரியவர்களோடு வந்து இறங்கினார். "சும்மா இங்குட்டு ஒரு சோலி. அப்படியே பாத்துட்டுப் போகலாம்னு," என்றார். மூன்று பேரும் மூச்சை ஆழமாக இழுத்து விட்டார்கள். வாத்தியாருடைய கை நடுங்குவதைப் பார்த்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அது கோபத்தில் நடுங்கியது. வாயைத் திறந்து நாலு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும். ஆனால் மூன்று தலைமுறை வெற்றிலை போடாத வீட்டில் ஒரு மனிதன், நான் குடிப்பதில்லை என்று தன் வாயால் சொல்லவேண்டுமா? சொல்லமாட்டார். பெண் எடுக்க வந்தவர்கள் எழுந்து போனாலும் சொல்லமாட்டார். கதவுக்குப் பின்னால் பெல்சி நிற்பது அவருக்குத் தெரிந்தது. அப்போதும் சொல்லவில்லை.

அந்த நேரத்தில் ஆன்றோ வந்தான். மேசையில் கிடந்த கார்டைப் பார்த்தான், அண்ணன் முகத்தைப் பார்த்தான்.

"மாமா, அந்தப் பழக்கம் எங்க அண்ணனோடது இல்ல. என்னோடது. அண்ணன் என்னையக் கூட்டிக்கிட்டுப் போகத்தான் மதுரைக்கு எழுதிப் போட்டாக. படிவத்துல எம் பேருதான் இருக்கு. வேணும்னா அங்க கேட்டுக்கங்க."

படிவத்தின்படி அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. மாப்பிள்ளையின் தகப்பனார் எழுந்து ஆன்றோவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஒத்துக்கிற மனசு யாருக்கு வரும் தம்பி? மஸ்கட்டுல தனியாக் கெடந்த ஆளு. என்ன செய்யும் பாவம்!" போகும்போது ஞானபூரணியிடம், "இப்படி ஒரு கொழுந்தன் அமையக் குடுத்து வச்சிருக்கணும்மா," என்று சொல்லிவிட்டுப் போனார். பெல்சி வெளியே வந்து சித்தப்பாவுக்குத் தன் கையால் காப்பி கொடுத்தாள்.

வாத்தியார் வெறும் டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குடிக்காமல் அறுபது வருடம் இருந்து தான் சம்பாதித்த மரியாதையைவிட, குடிக்காமலே குடிப்பதாகச் சொல்லி அரை நிமிடத்தில் அவன் சம்பாதித்தது அதிகமாக இருந்தது.

வியாழக்கிழமை இருவரும் மதுரைக்குப் போனார்கள். பழக்க நீக்க அறையில் காலணியோடு நுழையக்கூடாது. கம்ப்யூட்டரின் மனநிலை கெடும். செம்மலை வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். வண்டியின் நாலு பக்கமும் கயிறு கட்டியிருந்தது. ஓட்டுநர் பக்கம் ஒரு நாற்காலி வாத்தியாருக்கு, எதிர்ப்பக்கம் ஒரு நாற்காலி ஆன்றோவுக்கு. இரு தரப்பாரும் ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது என்று பலகை இருந்தது. ஸ்டீயரிங்குக்கு அடியிலிருந்து ஒரு வயர் வந்து, டிபன் கேரியர் அளவில் ஒரு பெட்டியில் முடிந்தது.

நாலாவது மேனேஜர் அருண் ஜோசப் உரையாற்றினார். இருபத்தாறு வயது இருக்கும்.

"பெரியோர்களே! ப்ரோகிராம் மாத்துற எல்லாரும் பழக்கத்தை நீக்குறதில்ல. அதுக்கு ஒரு நெஞ்சுரம் வேணும். இந்த நிலையத்துல இதுவரைக்கும் நாப்பத்தேழு பழக்கம் நீக்கியிருக்கோம். அதுல ஒரு வாடிக்கையாளர்கூட எங்ககிட்டத் திரும்பி வந்ததில்ல. ஏன் வரலைன்னு போன மாசம் ஆராயச் சொன்னேன். ஆராய்ச்சிப் பிரிவும் செம்மலைதான். அவருக்கு நேரம் கிடைக்கல. சிலர் கேக்குறாங்க, இதைப் ப்ரோகிராம் ஏத்துன அன்னைக்கே செய்யலாமேன்னு. செய்யலாம். ஆனா அன்னைக்கே செஞ்சா அது வெறும் வேலை. ஒரு மாசம் கழிச்சுச் செஞ்சாத்தான் அது சேவை."

பாண்டீஸ்வரி கைதட்டினாள். அதன்பின் விதிப்படி, நீக்கப்போகும் பழக்கத்தை அச்செடுத்து இரு தரப்பார் முன்னிலையில் வாசித்துக்காட்டினார் செம்மலை.

"ஒண்ணு. தேவைக்கு மூணு மடங்கு ஆக்ஸிலேட்டரை மிதிச்சு, உடனே காலை எடுக்கும் பழக்கம்."

வாத்தியார் ஆன்றோவைப் பார்த்தார். ஆன்றோ கயிற்றைப் பார்த்தான்.

"ரெண்டு. நின்ன இடத்துல காரணமில்லாம உறும விடும் பழக்கம். நாளைக்குச் சராசரியா முப்பத்தோரு தடவை."

வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். மஸ்கட் மஸ்கட் என்று தலையில் வைத்து ஆடினார்களே, ஞானபூரணியும் பெல்சியும் இங்கே வந்து இதைக் கேட்கவேண்டும்.

"மூணு. ஏத்தம் கண்டாத் தயங்கி, பெறகு ஆத்திரப்படும் பழக்கம். கற்ற காலம் ஜூலை இருபத்தொம்பது முதல் ஆகஸ்டு பன்னெண்டு வரை."

வாத்தியாருக்குக் கணக்கு இடித்தது. "என்ன தேதி சொன்னீங்க? இவன் ஓட்டினது ஏப்ரல்ல."

"ஏப்ரல் எல்லாம் எப்பவோ போயிருச்சு சார். வண்டி கடைசியா ஓட்டுனவரைத்தான் மனசுல வச்சிருக்கும். ரெண்டு வாரத்துல பழைய ஆளை மறந்துரும். இதுல இருக்கிறது அவ்வளவும் நீங்கதான்."

வாத்தியார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"அப்ப இவன் கையெழுத்து எதுக்கு வாங்கினீங்க?"

"பழக்கம் யாருடையதுங்கிற இடத்துல நீங்கதானே சார் இவர் பேரை எழுதுனீங்க?" என்றார் செம்மலை. உடனே அவருக்கும் உறைத்தது. காகிதத்தை அருண் ஜோசப்பிடம் காட்டினார். இருவரும் மூலைக்குப் போய்க் கிசுகிசுத்துவிட்டு வந்தார்கள்.

"மன்னிக்கணும்," என்றார் அருண் ஜோசப். "ஒருத்தர் பழக்கத்தை இன்னொருத்தர் பேர்ல நீக்க விதியில் இடமில்ல. பேர் திருத்தப் படிவம் குடுக்கணும். மூணு வாரம் ஆகும்."

கல்யாணத்துக்குப் பதினொரு நாள்தான் இருந்தது.

ஆன்றோ எழுந்து நின்றான். "சார், எங்க அண்ணன் எழுதுனது சரிதான். ராத்திரி ராத்திரி நான்தான் சாவியத் திருடி வண்டிய எடுத்துட்டுப் போவேன். அந்த முப்பத்தோரு உறுமலும் நான்தான். எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுறேன். அழிச்சு விடுங்க."

செம்மலை பதிவேட்டில் எழுதிக்கொண்டார். வாத்தியார் தரையைப் பார்த்தார். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மகளை நினைத்துக்கொண்டு சொல்லாமல் இருந்தார். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பழக்கத்தை நீக்க நாலு விநாடி ஆயிற்று. செம்மலை ஒரு பொத்தானை அழுத்தினார். பெட்டி ஒருமுறை கூவியது. சான்றிதழ் கொடுத்தார்கள்: 'இவ்வாகனம் இன்றைய தேதியில் யாரிடமும் எதையும் கற்றிருக்கவில்லை என இதனால் சான்றளிக்கப்படுகிறது.'

"இனிமே முதல் எம்பது கிலோமீட்டர் யார் ஓட்டுறாங்களோ, அவங்க பழக்கத்தை வண்டி புடிச்சுக்கும் சார். பாத்துக்கங்க," என்று செம்மலை வழியனுப்பினார்.

மதுரையிலிருந்து ஊருக்கு எண்பதுக்குக் கொஞ்சம் மேல். சாவி வாத்தியார் கையில் இருந்தது. ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். இனி இந்த வண்டியின் மனதில் தான் ஒருவர்தான் இருக்கவேண்டும் என்றுதான் இந்த ஆறு வாரமும் அலைந்தார். சாவியைத் திருப்பினார். எஞ்சின், பெயர் கேட்டால் சொல்லத் தெரியாத குழந்தை போல, ஒன்றும் புரியாமல் மெல்ல ஓடியது. முதல் வளைவில் அவர் கால் தன் போக்கில் ஆழ அழுத்தி மேலே வந்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. வாத்தியாருக்கு அச்சிட்ட காகிதத்தின் முதல் வரி கண் முன்னால் வந்தது.

ஒத்தக்கடையில் ஓரமாக நிறுத்தினார்.

"கண்ணுல தண்ணி வருது. புரை எடுத்த கண்ணு. நீ ஓட்டு."

ஆன்றோ அவர் கண்ணைப் பார்த்தான். அது நன்றாகக் காய்ந்திருந்தது. "அண்ணே, எங்கிட்டப் பழகிருமே?"

"பேசாம ஓட்டு."

மேலூர், திருப்பத்தூர் எல்லாம் தாண்டி வீடு வரும்வரை வாத்தியார் ஆன்றோவின் வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தார். பரீட்சைத் தாளில் தப்பைத் தேடுவது போலத் தேடினார். ஒரு அரை மதிப்பெண் குறைக்கக்கூட இடம் கிடைக்கவில்லை. அந்தக் கால் எப்போது அழுத்துகிறது, எப்போது விடுகிறது என்று முதலில் தெரியவில்லை. பிள்ளையார்பட்டி விலக்குக்கு வருவதற்குள் கொஞ்சம் தெரிந்தது.

அதன்பின் பதினொரு நாளும் வாத்தியார் வண்டியைத் தொடவில்லை. தினமும் துடைத்தார், சாவி போடவில்லை. "என்னங்க, கறிகாய் வாங்கக் காரைக்குடிக்கு..." என்று ஞானபூரணி கேட்டபோது, "பஸ்ஸுல போ," என்றார். ராத்திரி படுக்கையில் மட்டும் அவர் வலது கால் போர்வைக்குள் மெல்ல அழுத்தி, மெல்ல விட்டுக்கொண்டிருந்தது.

இருபத்துமூன்றாம் தேதி காலை ஆன்றோவை உறவுக்காரர்களோடு வேனில் அனுப்பிவிட்டார். மாப்பிள்ளை வீட்டுப் பங்குக்கோயில் திருப்பத்தூர்ப் பக்கம் இருந்தது. பின் சீட்டில் பெல்சி, பக்கத்தில் ஞானபூரணி. வாத்தியார் பட்டு வேட்டியோடு ஸ்டீயரிங் பிடித்தார். காலை வைத்தார். வண்டி நகர்ந்தது தெரியாமல் நகர்ந்தது. காரைக்குடி ஊருக்குள் நெரிசலிலும், குன்றக்குடி வளைவுகளிலும் பெல்சி மடியில் வைத்திருந்த பூச்செண்டு அசையவில்லை. வாத்தியார் கழுத்தை நேராக வைத்துக்கொண்டு, கண்ணாடியில் பின்னால் பார்க்காமல் காத்திருந்தார். யாராவது ஏதாவது சொல்லவேண்டும்.

"அப்பா," என்றாள் பெல்சி.

"என்னம்மா?"

"எவ்வளவு நல்லா ஓட்டுறீக!"

வாத்தியாருக்கு நெஞ்சு விம்மியது. தலையை மட்டும் லேசாக அசைத்துக்கொண்டார்.

"அப்படியே சித்தப்பா ஓட்டுற மாதிரியே இருக்குப்பா."

சாலை வெறிச்சென்று நேராகக் கிடந்தது. வாத்தியார் அதே மாதிரி ஒரு மைல் தூரம் ஓட்டினார். பிறகு ஆக்ஸிலேட்டரை ஆழ மிதித்து, வெடுக்கென்று காலை எடுத்தார். வண்டி ஒரு உறுமு உறுமி, முன்னும் பின்னுமாகக் குலுங்கியது. பூச்செண்டு கீழே விழுந்தது. பெல்சியின் தலைமுக்காடு முன்னால் வந்து மூக்கில் தொங்கியது.

"இப்ப?" என்று கேட்டார் வாத்தியார்.

முக்காட்டுக்குள்ளிருந்து பெல்சி சிரித்தாள். கல்யாணப் பெண் அப்படி வாய்விட்டுச் சிரிக்கக்கூடாது. சிரித்தாள். "இப்ப எங்க அப்பா ஓட்டுற மாதிரி இருக்கு."

வாத்தியார் இன்னொரு தடவை மிதித்தார்.

"பிள்ளைக்கு அலங்காரமெல்லாம் கலையுதுங்க!" என்று ஞானபூரணி கத்தினாள்.

"கலையட்டும்," என்றார் ஞானசேகர் வாத்தியார்.